பொருள் உழைக்கட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: இல்லத்துக்கு முதல் தேவை, கண்ணைப் பறிக்கும் அழகா? காலம் தாங்கும் உழைப்பா? இடம்: ஏனாத்தூர். ‘காலம் தாங்கும் உழைப்பே’ அணித் தலைவரின் உரை.)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரே அழகாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, எனக்குப் பக்கத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கும் என் அணியினரே (சிரிப்பு), ஏனாத்தூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. ரெண்டுலயும் ஒரு ஒற்றுமை பாருங்க. ரெண்டுலயும் நாம தேர்ந்தெடுக்கும்போது பார்க்கிறது பளபளப்பு. அப்புறம் ஆயுசு முழுக்க அனுபவிக்கிறது பராமரிப்பு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவி அம்மா அருமையாப் பேசினாங்க. “வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தரை கண்ணாடி மாதிரி முகம் காட்டணும், சுவர் பளபளன்னு மின்னணும்”னு சொன்னாங்க. நடுவர் அவர்களே, பளபளப்புக்கு நான் எதிரி இல்லை. உங்க தலையைப் பார்த்த பிறகும் பளபளப்பை யாராவது குறை சொல்ல முடியுமா? (பலத்த சிரிப்பு) ஆனா அது இயற்கையா வந்த பளபளப்பு. பாலிஷ் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், பராமரிப்புச் செலவே கிடையாது. அந்தப் பளபளப்பு எங்க அணிக்குச் சொந்தம்! (கைதட்டல்)

அந்தத் தம்பி கேட்டார், “முகத்துக்கு மேக்கப் போடறது இல்லையா, வீட்டுக்குப் போட்டா என்ன?”ன்னு. தம்பி, முகத்துல போட்டது பிடிக்கலைன்னா ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவிடலாம். தரையில போட்டது பிடிக்கலைன்னா கடப்பாரைதான்! (சிரிப்பு)

நான் தமிழாசிரியன். ஒரு சொல்லிலிருந்து தொடங்கறேன். கடைக்குப் போய் ஒரு செருப்பு வாங்குறோம். “ஏம்பா, இது உழைக்குமா?”ன்னு கேட்கிறோம். செருப்பு எங்கேயாவது வேலைக்குப் போய்ச் சம்பாதிக்குமா? இல்லை. ‘நாள்பட நிற்குமா’ன்னு அர்த்தம். மனுஷன் வியர்வை சிந்துறதும் உழைப்பு. பொருள் நாள்பட நிற்கிறதும் உழைப்பு. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சிருக்கான் தமிழன். ஏன்? வாழ்க்கையில அடிபட்டுக் கண்டுபிடிச்ச கணக்கு அது. பொருள் உழைச்சா மனுஷன் கொஞ்சம் உட்காரலாம். பொருள் உழைக்கலைன்னா, அதுக்கும் சேர்த்து மனுஷன் உழைக்கணும்! (கைதட்டல்) என் வாதம் முழுக்க இந்த ஒரு வரிதான், நடுவர் அவர்களே. மத்ததெல்லாம் விளக்கவுரை.

“பட்டுக்குப் பேர் போன மண்ணுல வந்து அழகு வேண்டாம்னு பேசலாமா?”ன்னு கேட்டாங்க. பேசலாம் அம்மா! இங்கேதான் பேசணும். காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் எதனால வந்தது? நிறத்தாலயும் ஜரிகையாலயும் மட்டுமா? இங்கே நெசவாளர்கள் இருக்கீங்க. தப்புன்னா எழுந்து சொல்லுங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். கரைக்குத் தனியா நாடா ஓடும், அதைப் போடப் பக்கத்துல ஒரு ஆள் உட்காருவார். உடல் நூலையும் கரை நூலையும் ஒவ்வொரு வரியிலயும் கோத்துக் கோத்துப் பூட்டுவாங்க. அதுக்குப் பேர் கோர்வை. சேலை கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு இந்த ஊர்ல பெருமையாச் சொல்றது அதனாலதான். பாட்டி கட்டின சேலையைப் பேத்தி கட்டுறா. அந்தச் சேலையில நாம பார்க்கிறது அழகு. அந்த அழகைத் தாங்குறது கோர்வை! (கைதட்டல்)

வீட்டுக்கும் அப்படித்தான். வீடு நட்ட நடுவுல ஒழுகிப் பார்த்திருக்கீங்களா? பெரும்பாலும் ஒழுகுறது சேர்ற இடத்துல. மொட்டை மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலை. ஜன்னல் சட்டமும் சுவரும் சேர்ற இடுக்கு. குளியலறைத் தரையும் சுவரும் சேர்ற விளிம்பு. குழாய் சுவருக்குள்ள நுழையிற ஓட்டை. அந்த இடத்தைக் கொத்தனார் அவசரமாப் பூசிட்டுப் போறார். நாம ஹாலுக்கு என்ன கலர்னு பார்த்துக்கிட்டிருக்கோம். கோர்வையை விட்டுட்டுக் கரைக்கு ஜரிகை தேடுறோம்!

இன்னொரு சான்று சொல்றேன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துல பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்தது. சுமார் 1300 வருஷம் ஆச்சு. சுற்றி 58 சின்னச் சின்னச் சன்னதிகள், சுவரெல்லாம் சிற்பம். அதைச் செதுக்கினது மணற்கல்லுல. மணற்கல் மிருதுவானது, உளி சொன்னபடி கேட்கும். ஆனா அடியில, பாரம் இறங்குற இடத்துல, என்ன வச்சான் தெரியுமா? கருங்கல்! (கைதட்டல்) மேலே இருக்கிற மணற்கல் மழையிலயும் வெயிலிலயும் அரிச்சிருக்கு. பிற்காலத்துல பல இடங்கள்ல சுதைப் பூச்சுப் போட்டுக் காப்பாத்த வேண்டி வந்தது. அடியில இருக்கிற கருங்கல் அப்படியே நிக்குது.

ராஜசிம்மன் அழகை வேண்டாம்னு ஒதுக்கினானா? இல்லை. எந்த இடத்துக்கு எந்தக் கல்லுன்னு பார்த்தான். அதுதான் எங்க கட்சி. விலை கூடின பொருளை வாங்குங்கன்னு நாங்க சொல்லல. வீட்டுல நாலு இடம் அடிபடும்: தண்ணி படுற இடம், கால் படுற இடம், கை படுற இடம், வெயில் படுற இடம். அந்த நாலு இடத்துலயும் உழைக்கிற பொருளை வையுங்க. மத்த இடத்துல உங்க ஆசைப்படி அழகைக் கொட்டிக்கோங்க, நான் தடுக்க மாட்டேன்.

‘உழைக்கணும்னா தேக்கு போடணும், பணத்துக்கு எங்கே போறது’ன்னு கேட்பீங்க. அதுக்கும் இந்த ஊர்லயே பதில் இருக்கு. அத்தி வரதர். 1979ல எழுந்தருளினார். 40 வருஷம் கழிச்சு 2019ல எழுந்தருளினார். நீங்க எல்லாம் அந்தக் கூட்டத்துல நின்னவங்க. பக்தருக்கு அது தெய்வம்; அதுல வாதம் பண்ண நான் வரல. மரத்தைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. அத்தி, தேக்கு மாதிரி வலுவான மரம் இல்லை. ஆனா தண்ணிக்குள்ளேயே இருந்தா நிக்கும். மரத்தை மட்க வைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். முழுக்கத் தண்ணியில இருக்கிற மரத்துக்குக் காத்துப் பத்தாது, பூஞ்சை வளராது. முழுக்கக் காய்ஞ்ச மரத்துல ஈரம் கிடையாது, அங்கேயும் வளராது.

அப்போ எந்த மரம் கெடும்? காலையில நனைஞ்சு, மத்தியானம் காய்ஞ்சு, சாயங்காலம் மறுபடி நனையிற மரம். அது எங்கே இருக்கு? உங்க குளியலறைக் கதவுக்கு அடியில! (சிரிப்பு, கைதட்டல்) வாசக்கால்ல தேக்கை நிறுத்திட்டு, மிச்சப்பட்ட மட்டப் பலகையில குளியலறைக்குக் கதவு போடுறோம். ரெண்டு வருஷத்துல கீழ்ப்பக்கம் பல்லு போன கிழவி மாதிரி ஆயிடுது. அந்த இடத்துக்கு மரமே வேண்டாம். நிலைக்குக் கருங்கல் சட்டம், கதவுக்குப் பிளாஸ்டிக்கோ ஃபைபரோ போதும். பொருள் விலை குறைவு. ஆனா இடத்துக்குப் பொருத்தம். உழைப்புங்கிறது பொருளோட குணம் மட்டும் இல்லை, அது பொருளும் இடமும் சேர்ந்த பொருத்தம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறோம், கதவுப் பொருத்தம் பார்க்க மாட்டேங்கிறோம்!

சமையலறைக்கு வாங்க. ஒருத்தர் மேடைக்கு வெள்ளைப் பளிங்கு போட்டார். தாஜ்மகால் மாதிரி இருந்தது. ஷாஜகான் அங்கே ரசம் வைக்கல! (பலத்த சிரிப்பு) பளிங்கும் சரி, கடப்பாக் கல்லும் சரி, சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த கல்லு. புளிப்புப் பட்டா அரிக்கும். எலுமிச்சை, புளி, தக்காளி இல்லாம ஒரு நாள் சமைக்க முடியுமா நம்ம வீட்டுல? மேடைக்குக் கிரானைட் போடுங்க, அதாவது நம்ம ஊர்க் கருங்கல் ஜாதி. புளிக்கு அசையாது. கடப்பாவை அலமாரித் தட்டுக்குப் போடுங்க, காலத்துக்கும் நிக்கும். கழிப்பறை கழுவுற ஆசிட்டைப் பளிங்குலயும் மொசைக்குலயும் ஊத்தாதீங்க; அழுக்கோட சேர்த்துத் தரையையும் கழுவிட்டுப் போயிடும்.

சுவருக்கு வருவோம். தமிழ்ல ‘மேல்பூச்சாப் பேசுறான்’னா என்ன அர்த்தம்? உள்ளே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். (சிரிப்பு) உள்ளே ஈரம் ஊறுது, மேலே பளபள பெயிண்ட் அடிக்கிறோம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி இல்லாம, பெயிண்ட்டை அப்பளம் மாதிரி உப்ப வச்சு உதிர்த்துடும். முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மாடித் தண்ணி ஓட வாட்டம் இருக்கா? பத்தடிக்கு ரெண்டு அங்குலம் சாய்வு கொடுத்தா மழைத்தண்ணி தானா ஓடிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு, மேலே தட்டோடு பதிச்ச மொட்டை மாடிகள் எத்தனை மழை பார்த்தன! அந்த ஓட்டு இடுக்கை மழைக்கு முன்னால ஒரு தடவை பார்த்து அடைச்சா வேலை முடிஞ்சது.

தளத்துக்குள்ள ஓடுற கம்பிக்கும் வெளிக் காத்துக்கும் நடுவுல கொஞ்சம் கான்கிரீட் இருக்கணும். அதுக்குத்தான் கம்பிக்கு அடியில கவர் பிளாக்னு ஒரு சின்னக் கட்டி வைக்கிறது. சில ரூபாய் சமாச்சாரம். அதை வைக்காம விட்டா கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ன இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துக்கிட்டு தலையில விழும். சிமெண்ட் வேலைக்குத் தண்ணி ஊத்தறதையும் சொல்லணும். குறைஞ்சது ஏழு நாள், கலப்பு சிமெண்ட்னா பத்து நாள் ஈரம் காயக்கூடாது. அதுக்குப் பொருட்செலவு என்ன? தண்ணி! அதுல சிக்கனம் பண்ணிட்டு, மேலே விலை கூடின பெயிண்ட் அடிக்கிறோம். பிள்ளைக்குச் சோறு போடாம பவுடர் பூசுற கதை! (கைதட்டல்)

இந்த ஊர் நெசவாளி வீட்டுல இது வெறும் செலவுக் கணக்கு இல்லீங்க, சோத்துக் கணக்கு. குழித்தறி தரைக்குள்ள இறங்கி இருக்கு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில குழியில ஈரம் ஊறுது. ஒரு சொட்டுத் தண்ணி மேலேயிருந்து பாவுல விழுந்தாப் பட்டுல கறை. 2015ல பெய்த மழையில தறிக்குழிக்குள்ள தண்ணி நின்னு, வேலை இல்லாம உட்கார்ந்த குடும்பங்கள் எத்தனைன்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்த வீட்டுக்கு முதல் அலங்காரம் எது? ஒழுகாத கூரை. ஈரம் ஏறாத குழி. தெருவைவிட உயரமான தரை. ரோடு போடறவங்க பழசைச் சுரண்டாம மேலே மேலே போட்டுக்கிட்டே போறாங்க. ரோடு வளருது, வீடு குள்ளமாகுது! (சிரிப்பு) சுவர்க் கலரை அடுத்த பொங்கலுக்கு மாத்தலாம். தரை உயரத்தை மாத்தணும்னா ஜாக்கி வச்சு வீட்டையே தூக்கணும். பின்னால மாத்த முடியாததுக்கு முதல் காசு. மாத்த முடியறதுக்குக் கடைசிக் காசு. வீடு கட்டுறவங்க இதை மனசுல முடிஞ்சு வச்சுக்கணும்.

“உழைக்கிற பொருள்னா விலை அதிகம்”னு எதிரணி சொல்லும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பெயிண்ட், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அடிக்கணும். நாற்பத்தஞ்சாயிரத்துக்கு இன்னொண்ணு, ஒன்பது வருஷம் தாங்கும். ஒன்பது வருஷத்துல முதல் ஆள் செலவு தொண்ணூறாயிரம், ரெண்டாவது ஆள் செலவு நாற்பத்தஞ்சாயிரம். மலிவா வாங்கினவர் ரெண்டு மடங்கு கொடுத்திருக்கார், மூணு தடவை பீரோவை நகர்த்தியிருக்கார்! (சிரிப்பு) இதுல இன்னொண்ணு: டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி கூட வாங்கிப் பரண்மேல போடுங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு கல் உடைஞ்சா அந்த டிசைன் உலகத்துல எங்கேயும் கிடைக்காது. ஒரு கல்லுக்காகத் தரை முழுக்க மாத்தினவங்க இருக்காங்க.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போறீங்கன்னு தெரியுது. இன்னும் ரெண்டே நிமிஷம் கொடுங்க.

இவ்வளவு நேரம் ஊரைச் சொன்னேன். இப்போ என்னைச் சொல்றேன். இந்த மேடையில ‘உழைப்பே’ன்னு பேசுற நான், என் வீட்டைக் கட்டும்போது உங்க அணியில இருந்தவன், அம்மா. கடையில அந்த டைல்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடிச்சேன். வெளிச்சம் அப்படியே வழுக்கிட்டு ஓடுச்சு. ‘வீடு முழுக்க இதுதான்’னேன். கொத்தனார் சொன்னார், “சார், குளியலறைக்கும் அதுக்கு வெளியேயும் மட்டும் சொரசொரப்பாப் போட்டுக்கலாமே”ன்னு. “பார்க்க ஒரே சீரா இருக்கணும்பா”ன்னு சொன்னவன் நான். முனைவர் பட்டம் வாங்கினவன் சொன்னேன். அவர் படிக்காதவர், பேசாமப் போட்டுட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க எல்லாம் தரையைப் பார்த்தாங்க. எங்க அம்மா மட்டும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாங்க. எனக்கு அது கண்ணுல பட்டது, கருத்துல படல. அவங்க ஆயுசு முழுக்க நடந்தது சிவப்பு சிமெண்ட் தரையில. நடக்க நடக்க மெருகேறின தரை. ஆனா ஈரக்காலைப் பிடிச்சு நிறுத்தும்.

ஒரு வெள்ளிக்கிழமை. வீடு துடைச்சு ஈரம் காயல. குளிச்சிட்டு வெளியே வந்து ஒரு அடி வச்சாங்க. அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிஞ்சது.

(அரங்கில் அமைதி)

ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சதும் என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க சொன்னாங்க, “நீ ஆசைப்பட்டுக் கட்டின வீடுப்பா. நான்தான் பார்த்து நடக்கல.” நடுவர் அவர்களே, பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாங்க. நம்ம வீடுகள்ல அம்மாக்கள் இப்படித்தான். தரை வழுக்கினா ‘நான் பார்த்து நடக்கல’. சுவர் அழுக்கானா ‘நான் சரியாத் துடைக்கல’. மேடையில கறை பட்டா ‘நான் கவனிக்கல’. பொருள் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அந்த மனுஷி முதுகு செய்யுது. அதுக்குக் கணக்கும் கிடையாது, கூலியும் கிடையாது. (நீண்ட கைதட்டல்)

அடுத்த மாசம் அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். அந்தத் தரையை உடைச்சுச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி வச்சோம். பார்க்க ஒரே சீரா இல்லை. ஆனா எங்க அம்மா அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அந்தத் தரையில, இன்னும் நாலு வருஷம் தானே நடந்து போய்த் தானே குளிச்சாங்க. என் வீட்டுலேயே ரொம்ப அழகான இடம் எதுன்னு கேட்டா, நான் அந்தச் சொரசொரப்பான தரையைத்தான் காட்டுவேன்.

அதனால, நடுவர் அவர்களே, வீடு கட்டப் போறவங்களுக்கு உங்க தீர்ப்பு வழியா ஒரு வார்த்தை போய்ச் சேரணும். கடையில பொருளைக் கையில எடுத்ததும் ‘இது எப்படி மின்னும்’னு கேட்கிறதுக்கு முன்னால, ‘இது மேல யார் நடப்பாங்க, இதை யார் துடைப்பாங்க’ன்னு ஒரு தடவை கேளுங்க. வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய், அந்தக் கல்லுல கொஞ்சம் தண்ணியை ஊத்தி, காலை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கொத்தனார் ஒரு வார்த்தை சொன்னா நின்னு கேளுங்க.

நம்ம வீட்டுல உழைக்கிறதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்க. இனி கொஞ்சம் பொருள் உழைக்கட்டும்! அவங்க உட்காரட்டும்!

காலம் தாங்கும் உழைப்பே முதல் தேவை என்று தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)